அந்த நாற்காலி ஏன் காலியாக இருக்கிறது?

ஏப்ரல் பிறந்துவிட்டால் என் கைபேசிக்கு ஓய்வு கிடையாது. உறவினர்கள், பழைய அக்கம்பக்கத்தார், கோலார் தங்கவயலில் என்னோடு பள்ளியில் படித்தவர்கள் என்று யார் யாரோ அழைப்பார்கள். நலம் விசாரிப்பு இரண்டு நிமிடம், அப்புறம் விஷயத்துக்கு வந்துவிடுவார்கள். "பொண்ணு பி.யூ.சி. (பிளஸ் டூ) முடிக்கிறா. எந்தப் படிப்புக்கு எதிர்காலம் இருக்கு, நீதான் சொல்லணும்." நான் பெங்களூரில் நிறுவனங்களுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் வேலையில் நீண்ட காலமாக இருக்கிறேன். தினமும் காலியிடங்களோடு புழங்குகிறவளுக்கு எதிர்காலம் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறார்கள். ஒரு குடும்பம் தன் சேமிப்பையும் பிள்ளையின் நான்கு ஆண்டுகளையும் ஒரு பதிலை நம்பிக் கொடுக்கத் தயாராக இருக்கும்போது அதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல எனக்கு மனம் வருவதே இல்லை. ஏன் வருவதில்லை என்பது இந்த ஆண்டுதான் எனக்குத் தெளிவானது. இந்த முறை கேட்டவள் என் அக்கா மகள்.

அக்கா குடும்பம் பெங்களூரிலேயே அல்சூரில் இருக்கிறது. மகள் அறிவியல் பிரிவு, கணிதமும் உயிரியலும் இரண்டும் எடுத்திருக்கிறாள். நன்றாகப் படிப்பவள், ஆனால் முதல் வரிசையில் வருகிறவள் அல்ல. மாமாவுக்கு மகளை கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்க்க வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. நல்ல கல்லூரியில் இடம் கிடைக்காவிட்டால் மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கடன் வாங்கவும் தயாராக இருந்தார். மகள் தன் பங்குக்கு இணையத்திலிருந்து ஒரு பட்டியல் எடுத்து வைத்திருந்தாள். அடுத்த பத்தாண்டுகளில் வேகமாக வளரப் போகும் தொழில்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சதவீதம். ஏ.ஐ., டேட்டா சயின்ஸ், சைபர் செக்யூரிட்டி, காற்றாலை, சூரிய மின்சாரம். "இதுல எது சித்தி?" என்று கேட்டாள்.

இப்படிப்பட்ட பட்டியல்களின் வேரைத் தேடிப் போனால் அடிக்கடி அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் கணிப்பில் போய் நிற்கும். அங்கே ஒவ்வொரு தொழிலுக்கும் பத்தாண்டுக் கணிப்பைத் தொடர்ந்து வெளியிடுகிறார்கள், மிகவும் கவனமாகச் செய்கிற வேலை அது. 2023 முதல் 2033 வரைக்கான கணிப்பில் மிக வேகமாக வளரும் தொழில் காற்றாலைத் தொழில்நுட்பர், 60 சதவீதம். ஆனால் அந்த 60 சதவீதம் என்பது அமெரிக்கா முழுவதற்கும் சேர்த்துப் பத்தாண்டில் கூடுதலாக ஏழாயிரத்துக்கும் குறைவான வேலைகள். அதே கணிப்பில் வீட்டிலேயே முதியோரையும் நோயாளிகளையும் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பாளர் வேலைக்கு 21 சதவீதம்தான் போட்டிருக்கிறார்கள், எண்ணிக்கையில் அது எட்டு லட்சத்துக்கும் மேல். பட்டியல் போடுகிறவர்கள் முதலாவதைத் தலைப்பில் வைக்கிறார்கள். அக்கா மகளின் தாளிலும் காற்றாலைதான் மேலே இருந்தது.

நம் நாட்டில் தொழில்வாரியாக அப்படித் தொடர்ந்து வரும் கணிப்பு எதுவும் கிடையாது. நம்மிடம் இருப்பது பி.எல்.எஃப்.எஸ். எனப்படும் தொழிலாளர் கணக்கெடுப்பு. 2017-18 முதல் நடக்கிறது, 2025 முதல் மாதாமாதமும் எண்கள் வருகின்றன. 2023-24 கணக்குப்படி 15 வயதுக்கு மேற்பட்டோரில் வேலையின்மை 3.2 சதவீதம். 15 முதல் 29 வயது வரை மட்டும் பார்த்தால் 10.2 சதவீதம். இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் நம் பிள்ளைகள் நிற்கிறார்கள். அப்பாவின் கடையில் சம்பளமில்லாமல் உட்கார்ந்திருக்கும் பட்டதாரிப் பையனும் அந்தக் கணக்கில் வேலையில் இருப்பவன்தான் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அதே கணக்கெடுப்பில் வேலையில் இருப்பவர்களில் மாதச் சம்பளக்காரர்கள் 21.7 சதவீதம், அதாவது ஐந்தில் ஒருவரைவிடக் கொஞ்சம் அதிகம். எனக்கு இந்த எண்தான் முக்கியமாகப் படுகிறது. படித்தால் மாதச் சம்பளம் என்று நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கும் வாசல் எவ்வளவு குறுகலானது என்று அது சொல்கிறது. அரசின் எண்கள் நாட்டின் உடல்நிலையைச் சொல்ல எடுக்கப்பட்டவை. பதினேழு வயதுப் பெண் ஒருத்தி அடுத்த மாதம் எந்த விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும் என்று அவை சொல்லாது.

தக்காளியும் பொறியியலும்

எங்கள் கோலார் மாவட்டத்துக்காரர்களுக்கு இதைத் தக்காளியை வைத்துச் சொன்னால் உடனே புரியும். 2023 ஜூலையில் கோலார் சந்தையில் 15 கிலோ பெட்டி 2,000 ரூபாயைத் தாண்டியது. விலை ஏறுகிறபோது எல்லோரும் நாற்று வாங்க ஓடுவார்கள். மூன்று மாதம் கழித்து அத்தனை பேர் வயலும் ஒன்றாகக் காய்க்கும், பெட்டிக்கூலிகூடத் தேறாது. பொருளாதாரத்தில் இதற்குச் சிலந்திவலைக் கோட்பாடு என்று பெயர். விலையையும் விளைச்சலையும் வரைபடத்தில் போட்டால் கோடு சுற்றிச் சுற்றி வலைபோல வரும். 1970களில் ரிச்சர்ட் ஃப்ரீமன் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் இதே கோட்டைப் பொறியாளர்களின் சம்பளத்துக்குப் போட்டுப் பார்த்தார். சம்பளம் உயர்ந்திருக்கிற ஆண்டில் நிறையப் பேர் சேர்கிறார்கள், அவர்கள் எல்லோரும் ஒன்றாகப் படித்து முடித்து வெளியே வருகிற ஆண்டில் சம்பளம் சரிகிறது, அதைப் பார்த்து அடுத்து சேர்கிறவர்கள் குறைகிறார்கள். தக்காளிக்கு மூன்று மாதம், பொறியியலுக்கு நான்கு ஆண்டு. வேறுபாடு அவ்வளவுதான்.

நம் ஊரில் இதைக் கண்முன்னே பார்த்தோம். 2021-22ஆம் நிதியாண்டில் டி.சி.எஸ். என்ற ஒரு மென்பொருள் நிறுவனத்தில் மட்டும் ஊழியர் எண்ணிக்கை ஒரு லட்சத்துக்கு மேல் கூடியது. அந்த ஆண்டு என் மேசையில் ஆஃபர் கடிதம் வாங்கிய பிள்ளைகள் மூன்று நான்கு கடிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு எதில் சேர்வது என்று யோசித்தார்கள். அதைப் பார்த்து அந்த ஆண்டில் எத்தனை வீடுகளில் கம்ப்யூட்டர் சயின்ஸ் முடிவாகியிருக்கும்! 2023-24 முடிவில் டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ், விப்ரோ மூன்றிலும் சேர்த்து ஊழியர் எண்ணிக்கை ஏறக்குறைய 64,000 குறைந்திருந்தது. 2021இல் சேர்ந்த பிள்ளைகள் வெளியே வந்தது 2025இல். அவர்களில் பலரின் விண்ணப்பங்கள் இன்னும் எனக்கு வந்துகொண்டிருக்கின்றன. நல்ல பிள்ளைகள், தவறாக எதுவும் செய்யாதவர்கள். அன்றைய விலையைப் பார்த்து நட்டவர்கள்.

மாமாவிடம் இதைச் சொன்னபோது அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "எல்லா காலத்துலயும் கம்ப்யூட்டருக்கு வேலை இருக்கும்மா. மேல கீழ போகும், ஆனா இருக்கும்." அதிலும் உண்மை இருக்கிறது. பெரிய பன்னாட்டு நிறுவனங்கள் இங்கே தங்களுக்கென்று வைத்துக்கொள்ளும் அலுவலகங்கள், எங்கள் தொழிலில் ஜி.சி.சி. என்போம், 2024 கணக்குப்படி நாடு முழுவதும் 1,700க்கு மேல். அவற்றில் சுமார் 19 லட்சம் பேர் வேலை செய்கிறார்கள், மற்ற எந்த ஊரையும்விட பெங்களூரில்தான் அவை அதிகம். வெளிவட்டச் சாலையில் போய் நின்றாலே தெரியும். ஆனால் அவர்கள் எங்களிடம் கேட்டு வருகிற ஆட்களில் பெரும்பாலோர் வேறெங்கோ ஐந்தாறு ஆண்டு தேறியவர்கள். தேறுவதற்கான முதல் இடத்தை யார் கொடுப்பார்கள் என்று கேட்டால், முன்பு வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் எடுத்துப் பயிற்சி கொடுத்துவந்த அதே பெரிய நிறுவனங்கள்தான். அங்கேதான் இப்போது வாசல் ஒடுங்கியிருக்கிறது. மாமா சொல்வது வேலையைப் பற்றி, என் கவலை வாசலைப் பற்றி.

ஒரு வடிகட்டி

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அக்கா சமையலறையில் இருந்தாள். நானும் மகளும் என் மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தோம். அவளுடைய பட்டியலில் அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது டேட்டா அனலிஸ்ட். நான் தினமும் பார்க்கிற வேலைவாய்ப்புத் தளத்தில் அதைத் தட்டி, ஊர் பெங்களூர் என்று கொடுத்தேன். ஆயிரக்கணக்கில் வந்தது. அவள் முகம் மலர்ந்தது, அப்பாவைக்கூடக் கூப்பிட்டுக் காட்டினாள். மாமாவுக்கும் திருப்தி.

"இப்ப இடது பக்கம் அனுபவம்னு ஒண்ணு இருக்கு பாரு. அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வா" என்றேன்.

கொண்டு வந்தாள். எண் சரிந்தது. பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. மிஞ்சியதையும் ஒவ்வொன்றாகத் திறந்து படித்தோம். சில பயிற்சி நிலையங்களின் விளம்பரங்கள், வேலை என்று தலைப்புப் போட்டு உள்ளே போனால் கட்டணம் கட்டிப் படிக்கச் சொல்கிறவை. சில சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப். சிலவற்றில் தலைப்பு டேட்டா, வேலை தொலைபேசியில் காப்பீடு விற்பது. இன்னும் சில வரி மாறாமல் ஒரே அறிவிப்பு, வெவ்வேறு கன்சல்டன்சிகளின் பெயரில். அதை நான் விளக்க வேண்டியிருந்தது. ஒரு நிறுவனம் ஒரே காலியிடத்தை எங்களைப் போன்ற நான்கைந்து பேரிடம் கொடுக்கும், நாங்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போடுவோம். ஆள் எடுத்து முடிந்த பிறகும் சிலர் அறிவிப்பைக் கழற்ற மாட்டார்கள், நாளைக்கு உதவும் என்று விண்ணப்பங்களைச் சேர்த்து வைப்பார்கள். மறுபக்கம், நிஜமான எத்தனையோ இடங்கள் தளத்துக்கே வராமல் உள்ளே இருக்கிறவர்களின் சிபாரிசிலும் கல்லூரி வளாகத் தேர்விலும் நிரம்பிவிடும். ஆகவே திரையில் தெரிகிற எண் ஒரே சமயத்தில் அதிகமாகவும் இருக்கும், குறைவாகவும் இருக்கும்.

அவள் கொஞ்ச நேரம் பேசாமல் திரையை மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருந்தாள். அப்புறம் கேட்டாள்: "சித்தி, உண்மையா எத்தனை நாற்காலி காலியா இருக்குன்னு யாருக்கும் தெரியாது, சரி. ஆனா காலியா இருக்கிற நாற்காலி ஏன் காலியா இருக்கு? அதுல முன்னாடி உக்காந்திருந்தவங்க எங்க போனாங்க?"

இத்தனை ஆண்டுகளாக என்னிடம் ஆலோசனை கேட்ட ஒருவரும் இதைக் கேட்டதில்லை. எந்தத் துறை என்று கேட்பார்கள், எவ்வளவு சம்பளம் என்று கேட்பார்கள். காலியிடத்துக்குப் பின்னால் ஒரு ஆள் இருந்தார், அவர் எழுந்து போனார், அவர் போன காரணத்தில்தான் அந்த வேலையின் ஜாதகமே இருக்கிறது என்பதை ஆள் எடுக்கிற நாங்கள்தான் பேசிக்கொள்வோம். ஒரு காலியிடம் வந்தால் எங்கள் மேலாளரிடம் நாங்கள் முதலில் கேட்பது அதைத்தான்: புது இடமா, விட்டுப்போன இடமா? விட்டுப்போன இடம் என்றால் ஏன் விட்டார்? பதவி உயர்ந்து போனாரா, வெளிநாடு போனாரா, ஓய்வு பெற்றாரா, தாங்க முடியாமல் ஓடினாரா? ஒரே இடத்துக்கு வருஷத்தில் மூன்று முறை ஆள் கேட்டால் அங்கே வேலைவாய்ப்பு அதிகம் என்று ஒரு புள்ளிவிவரம் சொல்லும். எங்களுக்கு அதன் அர்த்தமே வேறு.

அமெரிக்கக் கணிப்பிலும் இதைத்தான் தனியே பிரித்துக் காட்டுகிறார்கள். ஆண்டுதோறும் உருவாகும் காலியிடங்களில் தொழில் வளர்வதால் வருகிறவை சிறு பங்கு. மிகப் பெரும் பங்கு, இருந்தவர்கள் ஓய்வு பெற்றோ வேறு தொழிலுக்கு மாறியோ விட்டுப்போவதால் வருவது. வளர்ச்சி சதவீதம் மட்டும் போட்ட பட்டியல் இந்தப் பெரும் பங்கை அப்படியே மறைத்துவிடுகிறது. வளராத தொழிலிலும் ஆண்டுதோறும் நல்ல நாற்காலிகள் காலியாகின்றன. வேகமாக வளர்கிற தொழிலிலும் உட்கார முடியாத நாற்காலிகள் இருக்கின்றன.

தங்கவயல் கணக்கு

அவள் கேட்ட கேள்வி என்னை ஏன் அவ்வளவு தூரம் அசைத்தது என்பதற்குக் காரணம் எங்கள் ஊர். என் அப்பா அங்கே சாம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கத்தில் பூமிக்கடியில் வேலை செய்தவர். சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருந்த எங்கள் லைன் வீடுகளில் வேலை என்றால் சுரங்கம், சுரங்கம் என்றால் வேலை. 2001 பிப்ரவரி 28 அன்று எல்லாவற்றையும் மூடினார்கள். வெளியூர்க்காரர்கள் அதை இடி விழுந்ததுபோலத் திடீரென்று நடந்ததாக நினைக்கிறார்கள். இல்லை. பாறையில் தங்கம் குறைந்துகொண்டே வருவது அங்கே எல்லோருக்கும் தெரியும். தொடக்க காலத்தில் ஒரு டன் பாறையில் 40 கிராமுக்கு மேல் கிடைத்தது கடைசியில் 3 கிராம் அளவுக்கு வந்துவிட்டது. மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போய் அந்த 3 கிராமை எடுத்து வர என்ன செலவாகும் என்று அப்பாவே எங்களுக்குக் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். எந்த அரசு அறிக்கையையும்விடத் துல்லியமான வேலைச்சந்தைத் தகவல் எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே இருந்தது. இந்தத் தொழிலுக்கு எதிர்காலம் இல்லை என்று தெரிந்த ஊர் அது. தெரிந்து என்ன ஆயிற்று? அடுத்த வாசல் எது என்று தெரியாமல் வெறுமனே காத்திருந்தோம்.

ஆனால் அதே ஊரில் இன்னொரு வாசல் இருந்தது. 1964இல் தொடங்கிய பி.இ.எம்.எல். நிறுவனத்தின் தொழிற்சாலை அங்கேதான் இருக்கிறது, மண் அள்ளும் பெரிய இயந்திரங்கள் செய்கிற இடம். ஐ.டி.ஐ. முடித்து ஃபிட்டர், வெல்டர் அப்ரென்டிஸாக உள்ளே போன பையன்கள் எங்கள் தெருவிலும் உண்டு. அவர்கள் எல்லோரும் எங்களைவிடக் கெட்டிக்காரர்கள் இல்லை. அவர்கள் வீட்டில் யாரோ ஒருவருக்கு அந்த வாசல் எப்போது திறக்கும், என்ன சான்றிதழ் கேட்பார்கள், எந்த மாதம் விண்ணப்பம் என்பது தெரிந்திருந்தது. உள்ளே வேலை செய்த ஒரு சித்தப்பாவோ மாமாவோ வந்து சொன்னதுதான் அவர்களுடைய தகவல். மற்றவர்கள் சுரங்கம் மூடிய பிறகு விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வந்து இரவில் திரும்பினார்கள். இன்றும் தங்கவயலின் மாரிக்குப்பத்திலிருந்து கிளம்புகிற ரயிலில் அந்தக் கூட்டத்தைப் பார்க்கலாம். என் மாமாவும் அந்தக் கூட்டத்தில் பல ஆண்டுகள் நின்றுகொண்டே வந்தவர்தான், குடும்பத்தோடு அல்சூருக்கு வந்தது பின்னால். மகளுக்குக் கம்ப்யூட்டர் என்று அவர் பிடிவாதம் பிடிப்பதை அந்த ரயிலை விட்டுவிட்டு என்னால் புரிந்துகொள்ள முடியாது. மூழ்குகிற தொழிலில் மகள் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதுதான் அவர் பயம்.

இதனால்தான் எந்தத் துறைக்கு எதிர்காலம் என்ற கேள்வியை நான் இரண்டாம் இடத்துக்குத் தள்ளுகிறேன். துறையின் எதிர்காலம் தெரிந்தவர்கள் அன்றும் நிறைய இருந்தார்கள். முதல் வாசல் தெரிந்தவர்கள்தான் குறைவு.

விசாரிக்கத் தொடங்கினோம்

அதன் பிறகு நானும் அக்கா மகளும் வேறு மாதிரித் தேடினோம். முதலில் கல்லூரிகள். மாமா பார்த்து வைத்திருந்த கல்லூரி ஒன்றின் விளம்பரத்தில் அந்த ஆண்டின் மிக உயர்ந்த சம்பளம் பெரிய எழுத்தில் இருந்தது. என்.ஐ.ஆர்.எஃப். என்ற தேசியத் தரவரிசையில் பங்கேற்கும் கல்லூரிகள் தாங்கள் கொடுத்த விவரங்களைத் தங்கள் தளத்திலேயே வைக்க வேண்டும். அநேகமாகக் கண்ணில் படாத ஒரு மூலையில் ஒரு பி.டி.எஃப். கோப்பாக இருக்கும். எத்தனை பேர் சேர்ந்தார்கள், குறித்த காலத்தில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, சம்பளத்தை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவருக்கு எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும். விளம்பரத்தில் வேலை கிடைத்தவர்களின் சதவீதத்தை, வளாகத் தேர்வுக்குத் தகுதி பெற்றவர்களை மட்டும் வைத்துக் கணக்கிட்டிருந்தார்கள். கோப்பில் இருந்த சேர்க்கை எண்ணை வைத்து நாங்கள் கணக்குப் போட்டபோது பாதிக்கும் கீழே வந்தது. மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தை நெடுநேரம் படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் இன்னொரு கல்லூரியின் கோப்பை எடுத்துத் தரச் சொல்லி அவரே கேட்டார். பிள்ளையைப் பொறியியலில் சேர்க்கிற எந்தப் பெற்றோரும் இந்த ஒரு கோப்பைப் பார்க்காமல் பணம் கட்டக் கூடாது. இதை எனக்கு வருகிற ஒவ்வொரு அழைப்பிலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம் நாற்காலிகள். அவளுக்கு உடலியலும் பிடிக்கும், கருவிகளும் பிடிக்கும். எங்கள் அலுவலகத்தில் மருத்துவமனைகளுக்கு ஆள் எடுக்கிற தோழி ஒருத்தி இருக்கிறாள். எந்த இடம் அடிக்கடி காலியாகிறது, ஏன் என்று அவளிடம் கேட்டோம். எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. எடுக்கிற டெக்னீஷியன்கள் என்றாள் உடனே. இரண்டு மூன்று ஆண்டு அனுபவம் வந்ததும் வளைகுடாவுக்குப் போகிறார்கள், பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் போகிறார்கள். இருக்கிறவர்களில் சிலர் கருவி விற்கும் நிறுவனங்களில் மருத்துவமனை ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலைக்கு மாறுகிறார்கள். அதாவது நாற்காலி காலியாவது ஆள் இதைவிட நல்ல இடத்துக்குப் போவதால். இங்கே ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் மெடிக்கல் இமேஜிங் டெக்னாலஜி என்று பி.எஸ்சி. படிப்பு இருக்கிறது. பி.யூ.சி.யில் உயிரியல் எடுத்தவர்கள் சேரலாம், கடைசியில் மருத்துவமனையிலேயே இன்டர்ன்ஷிப். அந்த இன்டர்ன்ஷிப்தான் வாசல் என்றாள் தோழி. அங்கே கை பழகியவர்களைப் பெரும்பாலும் அங்கேயே எடுத்துக்கொள்கிறார்கள். 2021இல் மருத்துவம் சார்ந்த இந்தத் தொழில்களுக்கென்று நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமும் வந்திருக்கிறது, அதன்கீழ் தேசிய ஆணையம் ஒன்றும். படிப்புக்கும் பதிவுக்கும் நாடு முழுவதும் ஒரே முறை வர அது வழி செய்கிறது.

குறைகளையும் தோழி மறைக்கவில்லை. தொடக்கச் சம்பளம் குறைவு, சிறிய டயக்னாஸ்டிக் சென்டர்களில் மிகவும் குறைவு. படத்தைப் பார்த்து அறிக்கை எழுதுகிற வேலையில் ஏ.ஐ. நுழைந்துகொண்டிருக்கிறது. ஆனால் வலியில் துடிக்கும் கிழவரைப் பேசிப் பேசி எம்.ஆர்.ஐ. கருவிக்குள் அசையாமல் படுக்கவைப்பது வேறு வேலை. இது தோழியின் கருத்து, எனக்கும் சரியாகவே படுகிறது. ஆனாலும் இருபது ஆண்டுகளுக்கு இதுதான் நிலைமை என்று நான் யாருக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க மாட்டேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை, அந்த வேலையில் இருக்கிற ஒரு பெண்ணைத் தோழி அறிமுகப்படுத்தினாள். தர்மபுரிப் பக்கம் சொந்த ஊர், இங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் சி.டி. பிரிவு. அல்சூர் ஏரிப் பக்கம் ஒரு தர்ஷினி ஹோட்டலில் நின்றுகொண்டே காபி குடித்தோம். அக்கா மகள் ஒரு தாளில் கேள்விகள் எழுதி வந்திருந்தாள். உங்கள் வகுப்பில் படித்தவர்கள் எல்லோரும் இப்போது எங்கே இருக்கிறார்கள்? முதல் வேலை யார் மூலம் கிடைத்தது? எத்தனை பேர் இந்தத் தொழிலையே விட்டுவிட்டார்கள், ஏன்? அந்தப் பெண் யோசித்து யோசித்துப் பதில் சொன்னாள். உடையில் குத்தியிருக்கிற டி.எல்.டி. பேட்ஜைப் பற்றிச் சொன்னாள். உடலில் எவ்வளவு கதிர்வீச்சு சேர்ந்தது என்று அளக்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை அனுப்பிப் பார்ப்பார்களாம். இரவுப் பணியைப் பற்றிக் கொஞ்சம் தயங்கித்தான் பேசினாள். விபத்துக் கேஸ்கள் நள்ளிரவுக்கு மேல்தான் வரும், வாடகை கொடுத்துத் தனியாக இருக்கிற பெண்ணுக்கு விடியற்காலை வீடு திரும்புவது லேசில்லை. சிநேகிதிகள் இருவர் துபாயில் இருக்கிறார்கள். ஒருத்தி கல்யாணத்துக்குப் பிறகு இரவுப் பணி முடியாமல் விட்டுவிட்டாள். எந்தப் பட்டியலிலும் எந்தக் கணக்கெடுப்பிலும் இல்லாத தகவல் இது. அரை மணி நேரத்தில், ஒரு காபி விலையில் கிடைத்தது.

இப்படி விசாரிக்க எல்லோருக்கும் ஒரு சித்தி ஆள் எடுக்கும் நிறுவனத்தில் இருக்க மாட்டாள். ஆனால் பெங்களூரில் தமிழ்க் குடும்பம் ஒவ்வொன்றிலும் மருத்துவமனை, ஆலை, வங்கி, கிடங்கு, ஹோட்டல் என்று எங்காவது ஒருவர் உள்ளே இருக்கிறார். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் அவர்களைப் பார்க்கிறோம், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். உங்கள் பிரிவில் கடைசியாகச் சேர்ந்த பையன் எப்படி உள்ளே வந்தான், போனவன் ஏன் போனான் என்று கேட்பதில்லை, அவ்வளவுதான். கேட்டால் மனிதர்கள் ஆசையாகச் சொல்கிறார்கள். தன் வேலையைப் பற்றி ஒரு சின்னப் பெண் அக்கறையாகக் கேட்டால் யாருக்குத்தான் பேசப் பிடிக்காது?

இன்னும் முடிவாகவில்லை. அவள் விருப்பத்தில் இமேஜிங் முதலில் இருக்கிறது, பொறியியல் நுழைவுத் தேர்வையும் எழுதியிருக்கிறாள். மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கடன் வாங்கும் பேச்சை மாமா நிறுத்திவிட்டார். அரசு இடம் கிடைத்தால் கம்ப்யூட்டர்தான் என்பதில் மட்டும் அசையவில்லை, அது அவர் உரிமை. அக்காவுக்கு இரவுப் பணிதான் உறுத்துகிறது. மகள் நேற்று என்னை அழைத்து, அந்த சி.டி. பிரிவுப் பெண்ணை மறுபடி பார்க்க வேண்டும், இந்த முறை அம்மாவும் வருவார்கள், பகல் பணி மட்டும் உள்ள சென்டர்களில் சம்பளம் எவ்வளவு என்று விசாரித்து வைக்கச் சொல்லுங்கள் என்றாள். தோழியிடம் சொல்லியிருக்கிறேன்.